வரேன்னு சொன்னான்ல?

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் மல்லுக்கு நிற்க முடியுமா என்று கேட்டால், முடியும். நின்றார்கள். அந்தச் சொல் ‘வரேன்’. அதை எழுதியவள் நம் கதைக்காரி.

கதைக்காரி என்றால் புத்தகம் போடுகிறவள் இல்லை. வீடியோ கேமுக்குக் கதை எழுதுகிறவள். ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே மிஷின் ஓடினால் மேலே மேசையில் டீ டம்ளர் ஆடும். அதுதான் கம்பெனி. அதற்கு ஒரு முதலாளி உண்டு. காலையில் வந்து கதவைத் திறப்பது, பெருக்குவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் அவன்தான். அதனாலேயே கிண்டலுக்கு அவனை முதலாளி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. கதைக்காரி எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைப்பவனுக்குக் கோந்து என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்வான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். படம் வரைகிற பெண் ஒருத்தியும் உண்டு, ஆனால் அவள் அந்த வாரம் லீவு. விட்டுவிடுவோம்.

இவர்கள் செய்த கேமுக்கு ‘அக்கரை’ என்று பெயர். ஓர் ஆறு, ஒரு படகுத்துறை, ஓர் அண்ணன், ஒரு தங்கை. கேம் ஆடுகிறவர்தான் அந்தத் தங்கை. அண்ணனோடு சேர்ந்து ஆட்களை அக்கரை சேர்க்க வேண்டும். கயிறு கட்டப் பழக வேண்டும், சுழலைப் பார்த்து ஒதுங்க வேண்டும், கடைசியில் தனியாகத் துடுப்புப் போட வேண்டும். அவள் தேறியதும் அண்ணன் சின்னப் படகை அவிழ்க்கிறான். இந்த ஆறு எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட அவனுக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை. படகில் ஏறுகிறான், திரும்பிப் பார்க்கிறான், “வரேன்” என்கிறான். திரை இருண்டுவிடுகிறது. கேம் செய்தவர்களின் பெயர்கள் ஓடுகின்றன. அவ்வளவுதான்.

இதைவிட நல்ல முடிவு கிடையாது என்று கதைக்காரி நினைத்தாள். எழுதிய அன்றைக்கு அவளே கொஞ்சம் அழுதாள். அழுது முடித்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்தாள், அத்தனை திருப்தி.

வினை கோந்து ரூபத்தில் வந்தது. பெயர்கள் ஓடி முடிந்ததும் கேமை மூடிவிட அவனுக்கு மனசு வரவில்லை. தங்கையைத் திரும்பவும் துறையிலேயே கொண்டுவந்து விட்டான். பிடித்தவர்கள் இன்னும் நாலு பேரை அக்கரை சேர்க்கட்டுமே என்று நினைத்தான். ஆனால் ஒருத்தர்கூடத் துடுப்பைத் தொடவில்லை. தங்கையைத் துறைப் பலகையில் உட்கார வைத்துவிட்டு, அண்ணனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். வரேன்னு சொன்னான்ல?

காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா. மழையில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டால் வருவான் என்று ஒருவர் நெட்டில் கிளப்பிவிட்டார். கொடியில் அவன் சட்டை காய்ந்தால் வருவான் என்றார் இன்னொருவர். தூரத்தில் ஒரு புள்ளி தெரிகிறது, படகேதான் என்று ஒரு ஆள் படமே பிடித்துப் போட்டார். இரண்டு நாள் எல்லாரும் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் குதித்தார்கள். பிறகு பார்த்தால் அது அவருடைய போன் கண்ணாடியில் ஒட்டியிருந்த அழுக்கு. துடைத்ததும் போய்விட்டது.

முதலாளியாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ‘அண்ணன் வரமாட்டான், அப்படி எதுவும் நாங்கள் செய்யவில்லை’ என்று எழுதிப் போட்டான். பற்றிக்கொண்டது. அன்று சாயங்காலமே ‘வருவான் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். வரேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது ஏமாற்று வேலை, முடிவை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கேமுக்கு அதுவரை விழுந்துகொண்டிருந்த ஐந்து நட்சத்திரம் நாலாகி, மூன்றாகி, ஒன்றை நோக்கி மளமளவென்று இறங்கியது.

கதைக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“வரேன்னா போறேன்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது? டீக்கடையிலேருந்து கிளம்பும்போது வரேன்னு சொன்னா, டீக்காரர் அதுக்கப்புறம் வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரா?”

“காசு கொடுத்து வாங்கினவங்க கேக்கத்தான் செய்வாங்க,” என்றான் முதலாளி.

“கேக்கட்டும். கேமைத்தானே வாங்கினாங்க. என்னையுமா சேர்த்து வாங்கினாங்க?”

“நீ சொல்றது நியாயம்தான். நான் இல்லைங்கல. ஆனா நியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தா கரண்ட் ஆபீஸ்ல வாங்கமாட்டேங்கிறான்.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். “வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு போகுது. அதுக்குள்ள அண்ணன் வந்தாகணும். நீ எழுதலைன்னா நானே எழுதிடுறேன்.”

மற்ற எதையும்விட இதுதான் அவளைக் கலக்கிவிட்டது. ஏனென்றால் அவன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான். அதில் அண்ணன் மோட்டார் படகில் வந்து இறங்கினான். கூடவே பெட்டி நிறையத் தங்கம். கூடவே ஒரு அண்ணி. அண்ணி எங்கிருந்து வந்தாள் என்று கதைக்காரி கேட்டாள்.

“வழியில,” என்றான் முதலாளி.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷம் அந்தத் தங்கையோடு குடித்தனம் நடத்தியவள் அவள். அண்ணன் திரும்பி வந்துவிட்டால் அந்தப் பெண் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொண்டது எதற்கு, மறுபடியும் அவன் முதுகுக்குப் பின்னால் போய் உட்காரவா? அவன் போனால்தான் அது அவளுடைய ஆறு. இதை விட்டுக்கொடுத்தால் தான் எழுதியதில் மிச்சம் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

முதலாளி கெட்டவன் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

“சரி, ஒரு சொல்லைப் பிடிச்சுத்தானே தொங்குறாங்க. அந்த வரேனைத் தூக்கிட்டு, போறேன்னு போட்டுடுவோம். அப்ப யாரும் காத்திருக்கமாட்டாங்க. கதையும் அப்படியே இருக்கும்.”

அண்ணனுக்குக் குரல் கொடுத்தது கோந்து. குரலுக்கு ஆள் பிடிக்க வசதி இல்லாததால் அன்றைக்கு அவனைப் பிடித்து மைக் முன்னால் தள்ளியிருந்தார்கள். இப்போதும் பின் அறைக்குள் தள்ளி, வெளிச்சத்தம் கேட்காமல் இருக்கத் தலைக்கு மேலே போர்வையைப் போட்டார்கள். போர்வைக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை.

“என்னடா?”

போர்வை பேசியது. “என்னால முடியாது.”

“ஏன்?”

“அப்படிச் சொல்லிட்டு யாராவது கிளம்புவாங்களா? வாய் வரமாட்டேங்குது.”

அந்த மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “நகரு, நான் சொல்றேன். ஒத்தைச் சொல்லு, இதுக்குப் போய்.” அவன் போர்வைக்குள் நுழைந்தான். தொண்டையைச் செருமினான்.

“போ...” என்றான். இருமினான். “போ... போயிட்டு வரேன்.”

மறுபடியும் பார்த்தான். மறுபடியும் போயிட்டு வரேன்தான் வந்தது. ‘கிளம்புறேன்’ என்று ஒன்று சொல்லிப் பார்த்தான். போட்டுக் கேட்டால், ஐந்து மணிக்கு ஆபீஸில் பையை எடுத்து மாட்டுகிற மாதிரி இருந்தது. கடைசியில் தலை கலைந்து வெளியே வந்தான்.

“வேண்டாம்பா. எங்கம்மா காதுல விழுந்தா தொலைச்சுடுவாங்க,” என்றான். “அண்ணி வர்ற முடிவையே போட்டுடலாம்.”

வெளியே இந்தப் பாடு என்றால் வீட்டில் அதைவிட. கதைக்காரியின் மாமியாருக்கு ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் வேலை. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு மருந்துச் சீட்டைப் படித்தாரென்றால் டாக்டர்களே கொஞ்சம் நடுங்குவார்கள். ‘அக்கரை’ வந்த புதிதில் கதைக்காரியே பெருமையாக அதை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தாள். சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம் அது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆடி முடித்துவிட்டு, மாமியார் நேராகப் போய்ச் சேர்ந்த இடம் வருவான் சங்கம். அங்கே ‘மாத்திரை’ என்ற பெயரில் அவர் எழுதுவதற்குத்தான் கைதட்டல் அதிகம். எழுதுவது யார் என்று கதைக்காரிக்கு நன்றாகத் தெரியும். எதிர் அறையிலிருந்துதான் அத்தனையும் புறப்பட்டது.

“எழுதினதை மாத்தச் சொல்ல ஆடுறவங்களுக்கு என்ன உரிமை அத்தை? டாக்டர் எழுதின சீட்டை நீங்க மாத்துவீங்களா?” என்று கேட்டுப் பார்த்தாள்.

“மாத்தமாட்டேன். ஆனா தப்பா இருந்தா போன் போட்டுக் கேப்பேன். காலைல ஒண்ணுன்னு போடுறதுக்குப் பதிலா காலைல பதினொண்ணுன்னு போட்ட டாக்டரெல்லாம் உண்டு. நான் கேட்டேன், அவர் மாத்தினார். நீ என்ன டாக்டரைவிடப் பெரிய ஆளா?”

மாமியார் போய்ச் சமையலறைக் குளிர்பெட்டியைத் துடைத்தார். குளிர்பெட்டியின் தலையில் ஒரு சின்னப் பொட்டலம் பல நாளாகக் கிடந்தது. அதை எடுத்து, அடியில் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அதை அங்கிருந்து அகற்ற அவர் யாரையும் விட்டதில்லை.

வியாழக்கிழமை காலை. மறுநாள் பதிப்பு போகப் போகிறது. கதைக்காரி தான் மாற்றப்போவதில்லை என்றும், முதலாளி அண்ணியைக் கூட்டி வந்தால் வேலையை விட்டுவிடப்போவதாகவும் முந்தின நாளே வீட்டில் சொல்லியிருந்தாள். மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கதைக்காரி பையை மாட்டினாள், ஒரு காலில் செருப்பைப் போட்டாள்.

“வரேன் அத்தை.”

தினமும் இதற்கு ‘போயிட்டு வாம்மா’ என்று பதில் வரும். அன்றைக்கு இஸ்திரிப் பெட்டிதான் புஸ்ஸென்றது.

“அத்தை, வரேன்னு சொன்னேன்.”

“கேட்டுச்சு.”

கதைக்காரி இன்னொரு செருப்பில் காலை நுழைத்தாள். கதவைத் திறந்தாள். வாசற்படியைத் தாண்ட வேண்டியதுதான், தாண்ட முடியவில்லை. கால் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிட்டது. என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“பஸ் போயிடும். சொல்லுங்க அத்தை.”

“என்ன சொல்லணும்?”

“என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியாதா?”

மாமியார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “எனக்குத் தெரியும். உன் கேம்ல இருக்கிற பொண்ணுக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியலை. உன் அண்ணன்காரன் அவன்பாட்டுக்கு வரேன்னான். அவ வாயைத் திறக்குறதுக்குள்ள நீ விளக்கை அணைச்சுட்டே. பதில் சொல்லாம யாராவது ஒருத்தரை அனுப்புவாங்களா? அனுப்பாம அவன் எப்படிப் போனதாகும்? அதான் உக்காந்திருக்கோம், அத்தனை பேரும்.”

கதைக்காரி மாட்டிய பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“இவனும் அப்படித்தான்,” என்றார் மாமியார், குரல் சற்று இறங்கி. “கீழ போய் பிளேடு வாங்கிட்டு வரதுக்குள்ள போயிட்டான்.”

இவன் என்றது கதைக்காரியின் கணவனை. கப்பலில் மெக்கானிக். மாதக்கணக்கில் கடலில் கிடப்பான். போன தடவை கிளம்பும்போது கார் முன்னதாகவே வந்து ஹாரன் அடித்தது. அம்மா அவனுக்குச் சவர பிளேடு வாங்கக் கடைக்குப் போயிருந்தார், அங்கே சில்லறைக்கு நிற்க வைத்துவிட்டார்கள். “அம்மாகிட்ட வரேன்னு சொல்லிடு,” என்று அவன் மூட்டையோடு ஓடினான். கதைக்காரிதான் வாசலில் நின்று கை காட்டினாள், மாமியார் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தபோது ‘வரேன்னு சொல்லச் சொன்னார்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். குளிர்பெட்டி மேலே கிடக்கிற பொட்டலம் அந்த பிளேடுதான். இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டே போயும் வந்தும் இருந்தவளுக்கு, அது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவைப் பிடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, ஆனால் இடையில் சூடான இஸ்திரிப் பெட்டி.

“அத்தை, நீங்க ஒரு மகராசி,” என்றாள்.

“அதெல்லாம் இருக்கட்டும். மாத்துவியா?”

“ஒரு எழுத்தைக்கூட மாத்தமாட்டேன். ஒண்ணு சேர்க்கப் போறேன். வரேன் அத்தை.”

மாமியார் கண்ணாடிக்கு மேலாக அவளை ஏற இறங்கப் பார்த்தார். “போயிட்டு வா. படியைப் பார்த்து இறங்கு.”

ஆபீஸில் முதலாளி அண்ணிக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தான். கதைக்காரி அவனைத் தாண்டிப் போய் கோந்தின் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அண்ணன் வரேன்னு சொன்னதும் திரையை இருட்டாக்காதே. கீழே ஒரு பொத்தான் வரட்டும். அதுல ‘போயிட்டு வா’ன்னு இருக்கணும். அதை அழுத்தினாத்தான் படகு நகரணும்.”

கோந்து யோசித்தான். “அழுத்தலைன்னா?”

“நிப்பான்.”

“எவ்வளவு நேரம்?”

“அவ சொல்ற வரைக்கும்.”

“குரல்?”

“குரல் வேண்டாம். அதை அவங்கவங்க வாயாலயே சொல்லிக்கட்டும்.”

முதலாளி எழுந்து வந்தான். “இரு இரு. அப்ப அவன் திரும்பி வருவானா, மாட்டானா?”

“எனக்குத் தெரியாது.”

“எழுதினவ நீதானே?”

“துறை வரைக்கும்தான் நான் எழுதினேன். அதுக்கப்புறம் அவன் பாடு.”

முதலாளி கையைப் பிசைந்தான். அதற்குள் கோந்து தட்ட ஆரம்பித்துவிட்டான். அவன் தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தான். ரொம்ப நேரம் நிற்க வைத்தால் அண்ணன் கால் மாற்றி நிற்பான். இன்னும் நேரமானால் கட்டின கயிற்றையே ஒரு தடவை குனிந்து பார்ப்பான். கேட்காமல் செய்கிற வேலைகளில் கோந்து எப்போதும் கெட்டிக்காரன்.

வெள்ளிக்கிழமை பதிப்பு போனது. அண்ணன் வரவே இல்லையே, இதுவும் ஏமாற்றுதான் என்று சிலர் இன்னும் திட்டினார்கள். இருக்கட்டும், எல்லாரையும் திருப்திப்படுத்த முதலாளியின் தங்கப் பெட்டியாலும் முடியாது. ஆனால் மற்றவர்கள் செய்த கூத்தை என்னவென்று சொல்வது. பொத்தானை அழுத்தவேமாட்டோம் என்றுவிட்டார்கள். துறையில் தங்கை உட்கார்ந்திருந்த காலம் போய், இப்போது அண்ணன் நின்றான். ஆபீஸ் போனார்கள், தூங்கினார்கள், துணி துவைத்தார்கள், அவனை நிற்க வைத்துக்கொண்டே. ‘நிக்கட்டும் சங்கம்’ என்று புதிதாக ஒன்று கிளம்பியது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. முதலாளி ஆபீஸை இரண்டு தடவை பெருக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்கு விடுமுறை. சமையல் மேடையில் சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினார். திரையில் அண்ணன் படகில் நின்றுகொண்டிருந்தான்.

“இருடா, என்ன அவசரம்,” என்றார் மாமியார் அவனிடம். “நான் இதை நறுக்கி முடிக்கிறேன்.”

அண்ணன் கால் மாற்றி நின்றான். கதைக்காரி பூண்டு உரிக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி, உரித்த பூண்டையே திரும்ப உரித்தாள். நாடே அழுத்தினாலும் இவர் அழுத்தினால்தான் அவளுக்கு அது முடிவு.

அப்போது போன் மணி அடித்தது. அண்ணன் மறைந்து, அந்த இடத்தில் அவள் கணவனின் முகம் வந்தது. ஏதோ ஒரு துறைமுகம், பின்னால் காற்று இரைந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, இருமல் போச்சா என்று மாமியார் கேட்டதையே கேட்டு முடித்தார். பிளேடு இங்கேயே கிடக்கிறது என்றார். இங்கேயும் பிளேடு விற்கிறார்கள் அம்மா என்று அவன் சிரித்தான்.

“சரிம்மா, கூப்பிடுறாங்க. வைக்கிறேன்.”

“வைக்கிறேன் இல்லை. வரேன்னு சொல்லு.”

“என்னம்மா?”

“சொல்லுடா.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி பக்கம் பார்த்தான், அவள் பூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வரேம்மா,” என்றான்.

“ம். போயிட்டு வா,” என்றார் மாமியார், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

முகம் மறைந்தது. துறை திரும்பி வந்தது. ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான், குனிந்து கயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“ஐயோ பாவம், இவன் இன்னும் நிக்கிறான்,” என்றார் மாமியார். வெங்காயக் கையைப் புடவையில் துடைத்தார். “எவ்வளவு நேரம்தான் நிப்பான். கால் கடுக்கும். போயிட்டு வாடா ராஜா.”

அழுத்தினார். படகு அசைந்து, நீரோட்டத்தில் திரும்பி, சின்னதாகிக்கொண்டே போயிற்று. பெயர்கள் ஓடின. கதைக்காரியின் பெயர் வந்த இடத்தில் மாமியார் ‘ம்’ என்றார். மறுபடியும் துறை. காலிப் பலகை. தங்கை தனியாக நின்றாள். இருவர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயம் ஒருத்தர்தான் நறுக்கியது.

“அவன் வருவானா அத்தை?” என்று கேட்டாள் கதைக்காரி.

அக்கரையில் யாரோ மணியை அடித்தார்கள். ஆள் காத்திருக்கிறது என்று அர்த்தம். மாமியார் தங்கையைப் பலகைப் பக்கமே கொண்டுபோகவில்லை. நேராகப் படகில் ஏற்றித் துடுப்பை எடுக்க வைத்தார்.

“வரப்ப வரட்டும்,” என்றார். “நீ அந்த டப்பாவைக் கொஞ்சம் இப்படி நகர்த்து. அக்கரையில ஆள் நிக்குது.”